சித்திரை மழைக்கு ஓர் ஈசல்: ட்ரவுட் தூண்டிலை மதுரைக் கண்மாய்க்கு ஏற்றபடி மாற்றிக் கட்டிய முறை

குளிர்ந்த மலைத்தண்ணீர் மீனான ட்ரவுட் வாழும் ஆறுகளில் கோடைக்கு முந்தைய வாரங்கள்தான் ஃப்ளை தூண்டிலுக்கு உச்சம். கல்லுக்கடியில் புழுவாகக் கிடந்த மேஃப்ளை என்னும் ஆற்றுப் பூச்சிகள் கூட்டமாக மேலேறிச் சிறகு விரிக்கும். மீன் அடியை விட்டு மேல்மட்டத்துக்கு வந்து தின்னும். அந்தப் பூச்சியின் அளவிலும் மிதப்பிலும் முள்ளில் நூலும் இறகும் சுற்றிக் கட்டினால் அது ஃப்ளை. மதுரைப் பக்கம் அந்த இடத்தில் இருப்பது ஈசல். சித்திரை, வைகாசியில் ஒரு கோடைமழை கொட்டி, மறுநாள் புழுக்கம் ஏறினால் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். அதில் ஒரு பங்கு கண்மாய்த் தண்ணீரில் விழும். விளக்கு வைத்து ஈசல் பிடித்து வறுத்துத் தின்ற ஊர்க்காரர்களுக்கு நேரம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ட்ரவுட்டையே இங்கே தேடக் கூடாது. நீலகிரியில் 1863-இல் மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே தொடங்கிய முயற்சி கைகூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் வளர்ப்பு நிபுணர் வில்சன் கொண்டுவந்த முட்டைகளும் 1907-இல் அமைந்த அவலாஞ்சிப் பொரிப்பகமும்தான் அந்த மீனை அங்கே நிலைக்க வைத்தன. காரணம் தண்ணீரின் குளிர்ச்சி. 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். கோடையில் கண்மாய்த் தண்ணீர் 30-ஐத் தாண்டித்தான் நிற்கும். அதில் சுகமாக வாழ்வது ஜிலேபி. 1952-இல் இந்தியக் குளங்களில் விடப்பட்ட ஆப்பிரிக்க மீன் இது, இன்று வைகை அணை வரை பரவிக் கிடக்கிறது. கூடவே கெண்டை வகைகள், ஓரத்துப் புல்லில் விரால், குறவை.

ஆக ராடு, ரீல் ட்ரவுட்டுடையதே இருக்கலாம். மாற வேண்டியவை லைன் (ரீலிலிருந்து வரும் தடித்த வீச்சுக் கயிறு), லீடர் (அதன் முனைக்கும் ஃப்ளைக்கும் இடையே கட்டும் மெல்லிய நரம்பு), முள், ஃப்ளை மிதக்கும் விதம். பலர் ஃப்ளையின் நிறத்தில் நேரத்தைச் செலவழித்துவிட்டு லைனை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேலை தலைகீழாக நடக்க வேண்டும்.

லைன்

மலை ஆற்றுக்குப் பொதுவாக 9 அடி நீள, 5-ஆம் எண் ராடு. அதற்குரிய 5-ஆம் எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது 9 கிராம் சொச்சம் எடை இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஃப்ளைக்கென்று எடை கிடையாது. லைனின் எடைதான் ராடை வளைத்து ஃப்ளையை இழுத்துப் போகிறது.

கண்மாயில் எட்டுப் பத்து மீட்டருக்கு மேல் வீச வேண்டிய தேவை அரிது. அந்தத் தூரத்தில் லீடர் நீளத்தைக் கழித்தால் ராடு முனைக்கு வெளியே 20 அடி லைன்தான் நிற்கும். 5-ஆம் எண் லைனில் 20 அடி ராடை வளைக்கப் போதாது, கை சும்மா ஆட்டிக்கொண்டிருக்கும். அதே ராடில் 6-ஆம் எண் லைன் ஏற்றினால் (30 அடிக்கு 160 கிரெய்ன்) குறுகிய வீச்சிலும் ராடு வளையும். நீண்ட வீச்சுக்கு இது தோதுப்படாது, இங்கே நீண்ட வீச்சு வேண்டவும் வேண்டாம்.

அடுத்தது வெயில். குளிர்நீர் லைனின் மேலுறை குளிரில் சுருளாமலிருக்கும்படி மென்மையாகச் செய்யப்பட்டது. 38, 40 டிகிரி வெயிலில் அது வெந்த சேமியா போலத் தொய்ந்து, பிசுபிசுத்து, வளையங்களில் ஒட்டும். கையை விட்டு நழுவும் லைன் பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், வீசுபவரின் கையல்ல. வெப்பநாட்டு லைன் என்று தனியாக விற்கிறார்கள். உள்நரம்பும் மேலுறையும் விறைப்பாக இருக்கும். செலவு செய்ய மனமில்லையென்றால் பழைய லைனை வெதுவெதுப்பான தண்ணீரில் மென்சோப்பு போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, சிலிகான் பூச்சு தடவி, சாயங்காலம் மட்டும் பயன்படுத்தலாம். வெப்பநாட்டு லைனை ஊட்டிக்கோ மூணாறுக்கோ எடுத்துப் போனால் அங்கே அது கம்பிச்சுருளாக நிற்கும். இரண்டுக்கும் ஒன்று என்று எதுவும் கிடையாது.

ரீலை வண்டிப் பெட்டிக்குள் பூட்டிவைக்கக் கூடாது. டீட் கலந்த கொசு விரட்டிக் களிம்பு தடவிய கையால் லைனைத் தொடவே கூடாது, பிளாஸ்டிக் உறையை அது கரைத்துவிடும். களிம்பைப் புறங்கையால் தேய்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

லீடர்

கடையில் கிடைக்கும் ட்ரவுட் லீடர் முனையில் 5எக்ஸ், அதாவது 0.15 மி.மீ. தெளிந்த மலைத்தண்ணீருக்கு அது சரி. கலங்கிய கண்மாயில் அந்த மென்மையால் ஆதாயமில்லை, உள்ளே மூழ்கிக் கிடக்கும் சீமைக்கருவேல முள்ளில் முதல் இழுப்பிலேயே அறும். முனை 0.20 மி.மீ., அதாவது 3எக்ஸ் இருக்கட்டும். எக்ஸ் கணக்கு எளிது: 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் ஆயிரத்தில் எத்தனை அங்குலம் என்பது வரும். 3எக்ஸ் என்றால் 8, அதாவது 0.008 அங்குலம்.

தங்கூசி நரம்பிலேயே கட்டிக்கொள்ளலாம். லைன் பக்கமிருந்து 0.45 மி.மீ. நரம்பு 110 செ.மீ., 0.38-இல் 50, 0.30-இல் 30, 0.25-இல் 30, முனையில் 0.20-இல் 60. மொத்தம் 280 செ.மீ., முடிச்சுக்குப் போக 9 அடி வரும். அடுத்தடுத்த துண்டுகளின் பருமன் வித்தியாசம் 0.08-க்கு மேல் போகாமல் இந்த வரிசையை வைத்திருக்கிறது. 0.45-ஐ நேராக 0.25-இல் கட்டினால் மெல்லியது தடித்ததை அறுத்துக்கொண்டு வெளியே வரும், வீச்சும் அந்த இடத்தில் மடிந்து விழும். இரட்டைச் சுருக்கு முடிச்சு போதும்: இரு நரம்பையும் சேர்த்து வளையமிட்டு இரண்டு தடவை உள்ளே நுழைத்து நான்கு முனையையும் ஒன்றாக இழுப்பது. இறுக்குமுன் எச்சில் தடவ வேண்டும். உலர்ந்த நரம்பு இறுகும்போது உரசிச் சூடேறி அங்கேயே வலுவிழக்கும். ஃப்ளூரோகார்பன் நரம்பு இந்த வேலைக்கு ஆகாது. தண்ணீரைவிடக் கனம், மிதக்கும் ஃப்ளையை முனையைப் பிடித்துக் கீழே இழுக்கும்.

ஈசல் கட்டுதல்

முதலில் ஒரு நிஜ ஈசலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். உடல் ஏறக்குறைய ஒரு செ.மீ., பழுப்பு. சிறகு நான்கும் ஒரே நீளம், உடலைத் தாண்டி நீண்டவை. விழுந்ததும் சிறகு நிமிர்ந்து நிற்காது. இருபுறமும் விரிந்து தண்ணீர்ப் பரப்பில் அப்பிக்கொள்ளும், உடல் பாதி மூழ்கும். சிறகை நிமிர்த்திக் கட்டிய ட்ரவுட் ஃப்ளையைக் கண்மாய் மீன் சுற்றிப் பார்த்துவிட்டு விலகுவதற்கு இந்த மிதப்பு வித்தியாசமே காரணம். ஆகவே அடிப்படை வடிவம், முட்டையிட்டுச் செத்து விழுந்த மேஃப்ளைக்கு ட்ரவுட்காரர்கள் கட்டும் தட்டைச் சிறகு ஃப்ளை.

முள்: ட்ரவுட் அளவில் 12. உள்ளூர் முள்ளின் எண்கள் வேறு கணக்கு, அவற்றை நம்பாமல் தண்டு 10 மி.மீ., வாய் (தண்டுக்கும் முனைக்கும் இடைவெளி) 6 மி.மீ. என்று அளந்து வாங்குவது மேல். கம்பி அரை மி.மீ. பருமனில் இருக்க வேண்டும். புழு கோத்துப் போடும் சாதாரண முள் இதைவிடத் தடிப்பு, நுரைத்தட்டை எவ்வளவு வைத்தாலும் பின்புறம் அமிழும். கெண்டைக்கு வாய் சிறிது, 16-ஆம் அளவு வேண்டும் (எண் கூடக் கூட முள் சிறிது).

உடலுக்கு 2 மி.மீ. தடிப்புள்ள நுரைத்தட்டு, அதாவது ஃபோம் ஷீட், பழுப்பு நிறத்தில். பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைக்கு ஸ்டேஷனரிக் கடைகளில் வைத்திருப்பதே போதும். ரப்பர் செருப்பை அறுத்தும் பார்க்கலாம், ஆனால் அதன் நுரை அடர்த்தி அதிகம், மிதப்பு குறைவு. நூலுக்கு எம்ப்ராய்டரி நூலில் மெல்லியது. தையல் நூல் தடிமன், நாலு சுற்றிலேயே தலை பெருத்துவிடும். நூலைத் தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்துக்கொண்டால் வழுக்காது.

சிறகுக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டியிருந்தது. ரொட்டி உறை, பாலிதீன் ஆகியவை கண்ணுக்கு ஈசல் சிறகு மாதிரியே தெரியும். வீசினால் காற்றில் சுழலும், பத்து வீச்சில் லீடர் முனை முறுக்கேறிச் சுருண்டுவிடும். சேவல் இறகின் நுனியை வைத்தால் சுழலாது, ஆனால் நனைந்ததும் ஒட்டிக் குச்சியாகிவிடும். கடைசியில் நின்றது ஆர்கன்சா துணி. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன கடைகளிலோ மாசி வீதித் துணிக்கடைகளிலோ கால் மீட்டர் வாங்கினால் சில வருடத்துக்கு வரும். பாலியெஸ்டர் ஆர்கன்சா தண்ணீரைக் குடிக்காது. நெசவுக் கண் வழியே காற்றுப் போவதால் சுழற்சியும் அடங்கும். வெள்ளையைவிட வெளிர்ப்பழுப்போ சாம்பலோ நல்லது.

கழுத்திறகு நாட்டுச் சேவலுடையது, வயதான சேவலாக இருக்க வேண்டும். பிராய்லர் இறகு பஞ்சாக நனையும், அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ட்ரவுட் உலகில் இந்தியச் சேவல் கழுத்து நெடுங்காலமாக மலிவுச் சரக்காகப் பேர்பெற்றது. இறகு குட்டை, ஆனால் இழை விறைப்பு, இந்த வேலைக்கு அதுவே போதும். கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கிய இறகை ஷாம்பூ தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் பேனும் அந்துப்பூச்சியும் சாகும். இந்தப் படியைத் தாண்டினால் பெட்டியிலுள்ள மற்ற இறகுகளும் போய்விடும்.

கட்டும் வரிசை இது. முள்ளின் உட்பக்கம் பின்னோக்கி நிற்கும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டு, முள்ளைப் பிடிக்கும் இடுக்கியான வைஸில் பூட்ட வேண்டும். கட்டிய பிறகு நசுக்கப் போய் முள் உடைந்தால் வேலை அத்தனையும் வீண். முள்ளின் கண்ணுக்கு, அதாவது நரம்பு கோக்கும் துளைக்கு, 2 மி.மீ. பின்னாலிருந்து வளைவு தொடங்கும் இடம் வரை நூலை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். வெற்றுக் கம்பியில் கட்டிய நுரை முதல் மீனிலேயே திரும்பிக்கொள்ளும். நூல் படுக்கையின்மேல் ஃபெவிக்விக் ஒரு துளி, ஈர்க்குச்சி நுனியில் எடுத்து வைக்கலாம்.

நுரையை 3 மி.மீ. அகலம், 22 மி.மீ. நீளத்தில் வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, கூர்முனை வளைவுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி தண்டின்மேல் படுக்கவைக்க வேண்டும். மூன்று இடத்தில் கட்டினால் வயிற்று வளையங்கள் தெரியும். ஒவ்வோர் இடத்திலும் முதல் இரண்டு சுற்று தளர்வாக, மூன்றாவது மட்டும் இறுக்கம். முதல் சுற்றையே இழுத்தால் நூல் நுரையை அறுத்துவிடும். ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்கு நூலை நுரைக்கு அடியில், தண்டின்மேல் கொண்டுபோக வேண்டும், மேலே குறுக்காக அல்ல.

சிறகுக்கு ஆர்கன்சாவை இழைக்குச் சாய்வாக, 5 மி.மீ. அகலம், 36 மி.மீ. நீளத்தில் இரண்டு பட்டை வெட்ட வேண்டும். நேர் இழையில் வெட்டினால் ஓரம் பிரிந்துகொண்டே போகும். முனைகளை வட்டமாக்க கத்தரியைவிட ஊதுபத்தி நல்லது. பத்தியின் நெருப்பு முனையால் ஓரத்தை லேசாகத் தொட்டு நகர்த்தினால் பாலியெஸ்டர் உருகி ஓரம் அடைபடும், பழுப்புக் கோடும் விழும். காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும், இறகுப் பையைத் தள்ளிவைத்துவிட்டு. இரண்டு பட்டையையும் தண்டின் முன்மூன்றிலொரு பங்கில் குறுக்காக வைத்து, நூலால் எட்டுப் போட்டு நாலு சுற்று. மேலிருந்து பார்க்கச் சிறகு இருபுறமும் 18 மி.மீ. நிற்க வேண்டும், இரண்டு பட்டையும் லேசான பெருக்கல் குறியாக விரிந்தால் நான்கு சிறகு ஆயிற்று. பக்கவாட்டில் பார்க்கும்போது தண்டுக்கு இணையான தளத்தில் இருக்கிறதா என்பதை இங்கேயே சரிபார்க்க வேண்டும். ஒரு சிறகு தாழ்ந்தாலும் ஃப்ளை சாயும்.

இழை நீளம் முள்வாயின் ஒன்றரை மடங்கு, அதாவது 9 மி.மீ. உள்ள கழுத்திறகு ஒன்றைக் கட்டி, சிறகுக்குப் பின் இரண்டு சுற்று, முன் இரண்டு சுற்று. அதற்கு மேல் சுற்றினால் ஃப்ளை உயர்ந்து மிதக்கும், அது வேண்டாம். அடிப்பக்க இழைகளைத் தண்டோடு ஒட்ட வெட்டிவிட்டால் உடல் தண்ணீரில் படியும். மீதி நுரையை முன்னே இழுத்துக் கண்ணுக்குப் பின் கட்டி, 2 மி.மீ. தலை விட்டு அறுத்துவிட வேண்டும். நூலை அதன்மேலேயே ஐந்து சுற்றுப் போட்டு உள்ளிழுத்து முடித்து, நிறமற்ற நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. பாலிஷ் கண்ணுக்குள் வழிந்தால் காயுமுன் ஊசியால் குத்தி எடுக்க வேண்டும், அந்தி நேரத்துக் கரையில் அடைபட்ட கண்ணோடு போராட முடியாது. முதுகில் ஆரஞ்சு நுரைத் துணுக்கு ஒன்று ஒட்டினால் மங்கிய வெளிச்சத்திலும் தெரியும். மீனுக்கு அது தெரியாது.

கட்டி முடித்ததைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கலாம். கவிழ்ந்து விழுந்தால் முதுகு நுரையின் அகலத்தைச் சீவ வேண்டும். பின்புறம் மூழ்கினால் முள் கனம், அதற்கு வைத்தியம் இல்லை. வீச்சில் இன்னும் சுழன்றால் சிறகின் நுனியிலிருந்து சில குறுக்கிழைகளை ஊசியால் உருவிவிட்டால் அடங்கும். மிதப்புக்கு இறகில் மட்டும் சிலிகான் ஜெல். இந்த வெயிலில் ஜெல் தண்ணீராக ஓடும், புட்டியை நிமிர்த்தியே வைக்க வேண்டும். தேங்காயெண்ணெய் தடவுவோர் உண்டு. ஃப்ளையைச் சுற்றி எண்ணெய்ப் படலம் பரவுவதுதான் மிச்சம்.

கரையில்

கண்மாய் மீன் யாருடையது என்பது முதல் கேள்வி. பெரும்பாலான கண்மாய்களில் மீன்பாசி ஏலம் விட்டிருப்பார்கள், குத்தகைதாரரிடம் கேட்காமல் தூண்டில் போட முடியாது. மேலூர், நத்தம், சிங்கம்புணரிப் பக்கத்தில் தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடத்தும் ஊர்களில், ஊர் இறங்கும் நாள் வரை அந்த மீனைத் தொடுவது முறையல்ல. வைகை பிறக்கும் மேகமலை, வருசநாட்டு மலைப்பகுதி 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். அங்கே ஓடும் தெளிந்த ஓடைகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

நிற்க நல்ல இடம் கலுங்குக் கல்கட்டும் மடைப் பக்கமும். உள்வாய்க் கரம்பைச் சேறு முழங்கால் வரை இழுக்கும். கரைச்சரிவில் நின்று வழக்கம்போலப் பின்வீச்சுப் போட்டால் ஃப்ளை பின்னாலுள்ள கல்லில் அடித்து முனை மழுங்கும். மீன் எடுத்தும் ஏறாமல் போனால் முதலில் முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும், வழுக்கினால் மழுங்கியது. பின்னால் இடமில்லாத இடத்தில் உருட்டு வீச்சுதான் வழி: லைனைத் தண்ணீர்மேல் மெதுவாக இழுத்து, ராடைக் காதோரம் கொண்டுவந்து, தோளுக்குப் பின் லைன் தொங்கி நிற்கும்வரை பொறுத்து, முன்னோக்கி ஒரே அழுத்தம். உருட்டு வீச்சுக்குத் தண்ணீரின் பிடிப்பு வேண்டும், உலர்ந்த மணலில் பழகினால் வராது.

ஆற்றில் ட்ரவுட் எதிரோட்டம் பார்த்து ஓரிடத்தில் நிற்கும், உணவு அதனிடம் வரும். நின்ற தண்ணீரில் மீன்தான் சுற்றும். எனவே வளையம் எழுந்த இடத்தில் வீசினால் மீன் அங்கே இருக்காது. இரண்டு வளையத்தைப் பார்த்து, அது போகும் திசையில் ஒரு மீட்டர் முன்னால் போட வேண்டும். எந்தக் கரை என்பதைக் காற்று சொல்லும். விழுந்த ஈசலெல்லாம் காற்று தள்ளும் பக்கத்தில் நுரையோடு ஒதுங்கும், முகத்தில் காற்றடித்தாலும் அந்தக் கரையில்தான் நிற்க வேண்டும். லீடரை 7 அடியாகக் குறைத்துக்கொண்டால் எதிர்காற்றில் கொஞ்சம் எளிது.

விழுந்ததும் இருபது விநாடி அசைக்காமல் விட வேண்டும். பிறகு லைனை ஒரு விரற்கடை இழுத்து மறுபடி நிறுத்த வேண்டும். இழுத்துக்கொண்டே இருந்தால் சிறகு மடங்கி ஃப்ளை மூழ்கும். ஜிலேபி உறிஞ்சித்தான் எடுக்கும், சத்தமிருக்காது. ஆரஞ்சுப் புள்ளி மறைந்தால் ராடை நிதானமாக உயர்த்தினால் போதும், வெடுக்கென்று இழுத்தால் மெல்லிய உதடு கிழியும். தொபுக்கென்று தண்ணீர் வெடித்தால் அது விரால், 0.20 நரம்பில் அதைப் புல்லிலிருந்து வெளியே கொண்டுவருவது அதிர்ஷ்டம். விராலுக்கென்றே போவதானால் 8-ஆம் எண் ராடும் தவளை மாதிரிக் கட்டிய பெரிய ஃப்ளையும் வேண்டும், அது வேறு வேலை.

இடி கேட்டால் ராடை மடக்கிவிட வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், வெட்டவெளிக் கரையில் ஒன்பதடி உயரத்துக்கு அதைத் தூக்கிப் பிடிப்பது உயிரோடு விளையாட்டு. மழை முடிந்த மறுநாள்தான் ஈசல், அவசரமும் இல்லை. திரும்பும்போது கரையில் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது, ஈசலைத் தின்னத் தவளையும் தவளையைத் தின்னப் பாம்பும் வரும்.

ஜிலேபியின் வாயிலிருந்து குஞ்சுகள் தெறித்தால் பயப்பட வேண்டாம், தாய் அவற்றை வாயில் வைத்துக் காப்பது அதன் வழக்கம். சமைக்க எடுத்தால் கரையிலேயே குடலை எடுத்து, வயிற்றின் உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டிவிட வேண்டும். கல்லுப்பும் புளித்தண்ணீரும் போட்டு உரசினால் சேற்றுவாடை குறையும்.

இதே ஈசலை 14-ஆம் முள்ளில் கட்டினால் மலை ட்ரவுட்டும் எடுக்கும், அதற்குப் பறக்கும் எறும்பும் கறையான் ஈசலும் புதிதல்ல. அங்கே லீடர் முனை மறுபடி 5எக்ஸ், லைன் மறுபடி குளிர்நீருடையது. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிய மதியங்களில் ட்ரவுட்டைத் தொந்தரவு செய்யாமலிருப்பது அந்த ஆறுகளின் வழக்கம், பிடித்து விட்டாலும் மூச்சு வாங்கிச் செத்துப்போகும்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ளைகளை நல்ல தண்ணீரில் அலசி, சிறகை விரலால் நீவி, இரவு முழுக்கத் திறந்து வைத்துக் காயவிட்டுப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் முள் துருப்பிடித்து ஆர்கன்சாவில் கறை ஏறும். பெட்டியின் ஆழம் சிறகை மடக்காத அளவுக்கு இருக்கட்டும், மடங்கிய சிறகை நீராவியில் காட்டினால் நிமிரும், ஆனால் பழைய தட்டைத்தன்மை முழுதாக வராது. ராடுத் துண்டுகளின் மூட்டு தளர்ந்திருந்தால் ஆண்பக்கத்தில் மெழுகுவத்தியை இரண்டு தடவை தேய்த்துத் துணியால் துடைத்துவிடலாம்.